ஒளிவுமறைவில்லாத செல்லசாமி

மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால் செல்லசாமி சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்து, நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, "மேக்கணக்கு, மேக்கணக்கு, இஸ்டோரு பேசுது" என்று ஆரம்பிப்பார். நாலு மைலுக்கு அப்பால் மலை உச்சியிலிருந்து பதில் சொல்கிற ராக்காயிக்கு இவர் நிற்பதும் தெரியாது, பொத்தான் போட்டிருப்பதும் தெரியாது. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால் செல்லசாமிக்குக் கோபம் வந்துவிடும்.

"தெரியாட்டி என்னங்க? சர்க்காரு குடுத்த காத்துல பேசறோம். மாரத் தொறந்து போட்டுக்கிட்டா பேசறது?"

கருங்கல்மலைத் தோட்டத்தில் அவருக்கு வயர்லஸ் செல்லசாமி என்று பெயர். தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்று சொல்கிற தேயிலை ஆலைக்குப் பின்னால், உடைந்த தேயிலைப் பெட்டிகளைப் போட்டுவைத்திருந்த தகர அறைதான் அவருடைய கந்தோர், அதாவது அலுவலகம். சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் முதுகில் சுமந்து திரிந்த பச்சை நிறப் பெட்டி ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதன் இடது பக்கத்தில் ஒரு பள்ளம். ஜப்பான்காரன் சுட்டது என்று செல்லசாமி சொல்வார். லொறியிலிருந்து இறக்கும்போது கீழே விழுந்தது என்று லொறிக்காரர் சொல்வார்.

ஆள் ஒல்லி. காது இரண்டும் பெரிசு. காதில் மாட்டுகிற கருவியைக் கழற்றிய பிறகும் மாட்டியிருப்பதுபோலவே தெரியும். முன்பு அவர் தோட்டத்துத் தபால் பையைச் சுமந்தவர். துரை எழுதிக் கொடுக்கிற சீட்டுகளை எடுத்துக்கொண்டு தினமும் மேல்கணக்குக்கு ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மேல்கணக்கு என்றால் வரவுசெலவு ஏதும் இல்லை. தோட்டத்தின் உச்சிப் பிரிவுக்கு அங்கே வழங்குகிற பெயர் அது. டெலிபோன் கம்பி போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து கம்பியை இழுத்துக்கொண்டு போனது. வெறுத்துப்போன துரை பழைய பட்டாளத்துச் சாமான் விற்கிற இடத்தில் இரண்டு வயர்லஸ் பெட்டிகளை வாங்கி, ஒன்றை ஸ்டோரிலும், இன்னொன்றை மேல்கணக்கின் ஆக உயரமான கட்டடத்திலும் வைத்தார். அந்த உயரமான கட்டடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ராக்காயியே வயர்லஸையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. அதனால் மேல்கணக்குச் செய்தி எதுவும் தனியாக வந்ததில்லை. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகளின் அழுகையோடுதான் வரும்.

பெட்டியோடு கொழும்பிலிருந்து ஒரு லைசன்ஸ் வந்தது. லைசன்ஸோடு நிபந்தனைகள் வந்தன. பெரிய கிளாக்கர் சண்முகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் இங்கிலீஷில் இருந்ததைப் படித்து விளக்கினார். தோட்ட வேலைக்கு மட்டும் பேசலாம். சொந்த விஷயம் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறைமொழி கூடாது.

"மறைமொழின்னா என்னங்கய்யா?"

"ஒண்டைச் சொல்லி வேறொண்டை விளங்கப்பண்ணுறது. இராணுவத்திலை, ஒற்றர் வேலையிலை எல்லாம் அப்பிடித்தான் கதைப்பினம். நீ அப்பிடிக் கதைச்சா லைசன்ஸ் போயிடும். கொழும்பிலை ஒரு கந்தோரிலை இருந்து கேட்டுக்கொண்டே இருப்பினம், விளங்கிச்சோ?"

செல்லசாமிக்கு விளங்கியது. மாலை போட்டுக்கொண்டவன் விரதத்தை ஏற்றுக்கொள்வதுபோல அவர் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ருஷ்யாக்காரன் வானத்தில் ஒரு குட்டி நிலாவை ஏவிவிட்டிருந்தான். அது உலகத்தைச் சுற்றிக்கொண்டே 'பீப், பீப்' என்கிறதாம் என்று கொட்டகலைக் கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். "அந்த நெலாவுக்கு லைசன்ஸ் யாருங்கய்யா குடுத்தது? பீப் பீப்புன்னா என்னா அர்த்தம்? அது மறைமொழி இல்லீங்களா?" என்று செல்லசாமி கேட்டார். பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நீ உன்ரை வேலையைப் பார்" என்றார்.

சிக்கல் நிலாவால் வரவில்லை. ராக்காயியால் வந்தது. ராக்காயி எந்த விஷயத்தையும் அதன் பேரால் சொன்னவள் அல்ல. அவளுடைய அம்மாவும் சொன்னதில்லை. மேல்கணக்கில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. பாம்பு என்று சொன்னால் பாம்பு வந்துவிடும். ஆகவே அது பூச்சி. செத்தார் என்று சொல்வது மரியாதை இல்லை. ஆகவே அவர் தவறிப்போய்விட்டார், அல்லது நேரமாகிவிட்டது. ஒரு நாள் அவள், "பன்னெண்டாம் நம்பர் மலையில பூச்சி தொட்டுருச்சு. ஓவர்" என்றாள். செல்லசாமி வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் ஓடினார். லொறி போய், கடிபட்டவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அவன் இன்றைக்கும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்கிறான். அப்போதெல்லாம் அது மறைமொழி என்று செல்லசாமிக்குத் தோன்றவே இல்லை. அது பேச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பங்குனி மாதத்தில் ராக்காயி இந்தச் செய்தியைச் சொன்னாள்:

"மேக்கணக்குல ஆத்தா எறங்கிட்டா. மூணு லயத்துலயும் இருக்கா. ரொம்ப உக்கிரமா இருக்கா. வெளியாளு யாரும் மேல வரவேணாம். வேப்பிலையும் எளநியும் அனுப்புங்க. ஓவர்."

அம்மை போட்டிருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி செல்லசாமிக்குத் தெரியாது. குளிர்மலையில் வேம்பு முளைக்காது. ஹட்டனில் சொல்லிவைத்து, பஸ்ஸில் வேப்பிலைக் கட்டை வரவழைத்து அனுப்பினார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

கொழும்பில் வேலை அப்போதுதான் ஆரம்பமாகியிருந்தது. அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்து இறங்குகிறவர்களைப் பிடிப்பதில் சர்க்கார் மும்முரமாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்த கந்தோரில், தமிழ் தெரிந்த ஒருவர் ராக்காயியின் செய்தியை இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்பினார். தாய் வந்து இறங்கிவிட்டாள், மூன்று இடங்களில் இருக்கிறாள், கடும் கோபத்தில் இருக்கிறாள், யாரும் நெருங்க வேண்டாம், இலை அனுப்பவும். படித்தவர்களுக்கு வியர்த்துவிட்டது. ஒரே ஆள் மூன்று இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று ஒருவர் கேட்டாராம். அதுதான் மறைமொழி என்று இன்னொருவர் சொன்னாராம்.

ஒரு ஜீப் வந்தது. அதில் ஒரு பொலிஸ்காரரும், கருணாசேன மாத்தையா என்கிற அதிகாரியும் இருந்தார்கள். கருணாசேன மாத்தையா நல்ல மனுஷர். பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேசுவார். செல்லசாமியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, சுற்றுவழியாக மேல்கணக்குக்குப் போனார். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது.

"தாய் உள்ளே இருக்கின்றாளா?" என்று அவர் வாசலில் நின்ற ராக்காயியிடம் கேட்டார்.

ராக்காயிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கொழும்பிலிருந்து ஒரு சிங்கள ஐயா ஆத்தாளைத் தேடி வந்திருக்கிறார். "இருக்காங்க சாமி. சப்பாத்தக் கழட்டி வெளிய வச்சிருங்க. காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

"எப்போது இறங்கினாள்?"

"வெள்ளிக்கெழம சாமி. மொதல்ல சின்னப்புள்ளைங்க மேலதான் எறங்குனா."

"பிள்ளைகளின் மேலேயா? பிள்ளைகளுக்குக் காயம் உண்டா?"

"ஒடம்பு பூரா முத்து முத்தா இருக்குங்க."

பொலிஸ்காரர் பதுளைப் பக்கத்து ஆள். சின்ன வயதில் இதே வேப்பிலையில் படுத்துக் கிடந்தவர். அவர் நாலு எட்டுப் பின்னால் போய் ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கருணாசேன மாத்தையா மட்டும் சப்பாத்தைக் கழற்றி, காலைக் கழுவி, குனிந்து உள்ளே போனார். தாயைத் தேடி மூன்று லயங்களிலும் ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்தார். வெளியே வரும்போது அவர் நெற்றியில் யாரோ திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். செல்லசாமி ஜீப்பில் வைத்து விஷயத்தை எடுத்துச் சொன்னார். கருணாசேன மாத்தையா நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அதுவரைக்கும் அம்மை போட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருக்கும் போட்டது. அந்தச் செய்தி தோட்டத்துக்கு வந்தபோது, "ஆத்தா அவருகூடவே ஜீப்புல போயிட்டா போலருக்கு" என்று ராக்காயி சொன்னாள். நல்லவேளையாக அதை வயர்லஸில் சொல்லவில்லை.

ஆனால் கொழும்பு விடவில்லை. நோய்க்குத் தாய் என்று பெயர் வைத்துப் பேசுவது மறைமொழிதான் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. இனி உள்ளதை உள்ளபடி பேச வேண்டும். அதிகாரி ஒருவர் திரும்ப வந்து ஒரு நாள் முழுதும் கூட இருந்து கேட்பார். மறைபொருள் உள்ள ஒரு வார்த்தை வந்தாலும் பெட்டிகள் பூட்டப்படும் என்று அதில் இருந்தது. துரை செல்லசாமியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "செல்லசாமி, ஆத்தா வேணாம்" என்றார். பெரிய கிளாக்கர் இன்னும் தெளிவாகச் சொன்னார். பெட்டி போனால் மேல்கணக்குக்கு லொறி கூப்பிட வழி இல்லை. பாம்பு கடித்தால் ஆள்தான் ஓடிவர வேண்டும். செல்லசாமி மறுபடி தபால் பையைத் தூக்க வேண்டும்.

செல்லசாமி பழகத் தொடங்கினார். மைக்கில் தவறாமல் இருக்க வேண்டுமானால் வாய் முழுதும் திருந்த வேண்டும், வீட்டிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. முதல் நாள் ராத்திரி மனைவி வேலாயியிடம், "வெளக்க அணைச்சிரு" என்றார்.

"வெளக்கக் குளிர வைன்னு சொல்ல வாய் வரலியா?"

"வெளக்கு எங்க குளிருது? அணையத்தான செய்யுது."

மறுநாள் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, வாசலில் நின்று, "நான் போறேன்" என்றார். வேலாயியின் கையிலிருந்த கோப்பை விழுந்து உருண்டது.

"என்னா சொன்னீங்க?"

"போறேன்னேன். போயிட்டு வாறேன்னு சொன்னா அது ரெண்டு சேதி. வாறது நம்ம கையிலயா இருக்கு? நடக்கறத மட்டும்தான் சொல்லணும்."

"தாலி கட்டுனவகிட்ட காலங்காத்தால சொல்ற சொல்லா இது? ஒங்களுக்குப் பேயி கீயி புடிச்சிருச்சா?"

அவர் நிறுத்தவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்குப் போய், "ஒங்கப்பா செத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார். அவர்கள் உட்காரச் சொல்லவில்லை. கங்காணி வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, பொண்ணு எப்படி என்று அவரிடம் கேட்டார்கள். "நல்ல பொண்ணுங்க. கொஞ்சம் திக்கிப் பேசும்" என்றார். கங்காணி அன்றிலிருந்து இவரைக் கண்டால் பாதையின் அடுத்த பக்கத்துக்கு மாறிக்கொள்கிறார். வேலாயி பொறுத்துப் பார்த்தாள். அவர்களுடைய ஒரே மகள் மீனம்மாவை மேல்கணக்கில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து வேலாயி துணி மூட்டையைக் கட்டினாள். வாசலில் நின்று, புருஷனை ஏற இறங்கப் பார்த்து, "நானும் போறேன்" என்று சொல்லிவிட்டு மலை ஏறிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாக ஏறியது. ஆனாலும் அது சரியான மொழிதான் என்று அவரால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பால்மா விஷயம் இதைவிட மோசமாகப் போனது. "பிள்ளைக்காம்பராவுல பால்மா நெறைஞ்சு போச்சு. ஓவர்" என்றாள் ராக்காயி. தீர்ந்துபோன பண்டத்தை இல்லை என்று சொல்லக்கூடாது, நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது செல்லசாமி தாய்ப்பாலோடு குடித்த விஷயம். ஆனால் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பது எப்படிக் குற்றமோ, அப்படியே ஒன்றைக் கேட்டு இன்னொன்றை விளங்கிக்கொள்வதும் குற்றம்தானே? அவர் வெகுநேரம் யோசித்து, விளங்கிக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார். பால்மா நிறைய இருக்கிறது என்று பெரிய கிளாக்கரிடம் போய்ச் சொன்னார். மேல்கணக்குப் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணி குடித்தன. ராக்காயி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு மைல் மழையில் இறங்கி வந்தாள்.

"ஏண்ணே, ஒங்களுக்குக் காது போச்சா, புத்தி போச்சா?"

"நெறைஞ்சு போச்சுன்னு நீதான ராக்காயி சொன்ன?"

"பச்சப்புள்ளைங்க குடிக்கிற பால இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா? நாக்கு அழுகிரும்ணே!"

பால்மா டின்களை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அவளே ஏறிப் போனாள். போகும்போது போயிட்டு வாறேன் என்றுதான் சொன்னாள். அதைக் கேட்கச் செல்லசாமிக்கு ஆறுதலாக இருந்தது.

கருணாசேன மாத்தையா திரும்பி வந்த அன்றைக்கு, பெய்த மழையில் மேல்கணக்குக் குறுக்குப்பாதை சரிந்துபோயிருந்தது. அவர் முகத்தில் அம்மைத் தழும்புகள் இன்னும் கறுப்பாக இருந்தன. செல்லசாமிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, நிபந்தனைத் தாளை மடியில் விரித்து, பேனாவைத் திறந்துகொண்டார். பெரிய கிளாக்கர் குடையோடு கதவருகில் நின்றார்.

"மழ விடல. இன்னைக்கு யாரும் கொழுந்து எடுக்கப் போகல. பிள்ளைக்காம்பராவுல பிள்ளைங்க யாரும் இல்ல. ஓவர்" என்றாள் ராக்காயி. அவளையும் செல்லசாமி எச்சரித்து வைத்திருந்தார்.

"மிகவும் தெளிவு" என்று கருணாசேன மாத்தையா எழுதிக்கொண்டார்.

"பொறவு, மீனம்மா இங்க பிள்ளைக்காம்பராவுல இருக்கா. லயத்துல ஒழுகுதுன்னு கொண்டாந்து படுக்க வச்சிருக்கோம். ஓவர்."

கருணாசேன மாத்தையா பேனாவை நிறுத்தினார். "பிள்ளைகள் யாரும் இல்லை என்றாளே. மீனம்மா யார்?"

"கொழுந்து எடுக்கிற ஆளுங்க. பெரிய ஆளு."

"பெரியவள் பிள்ளைக்காம்பராவில் படுத்திருப்பது ஏன்? காரணத்தைக் கேளுங்கள்."

செல்லசாமி கேட்டார். பெட்டி கொஞ்ச நேரம் கரகரத்தது. "காரணத்த ஆம்பளைங்க கேக்கற பொட்டியில எப்பிடிண்ணே சொல்ல? அவளுக்கு நேரம் வந்துருச்சு. ஓவர்."

கருணாசேன மாத்தையா தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எதற்கு நேரம்?"

செல்லசாமி விளக்குவதற்குள் பெட்டிக்குள் ஏதோ இழுபறி நடந்தது. வேலாயியின் குரல் பாய்ந்து வந்தது.

"நேத்து ராத்திரியிலருந்து வலி எடுக்குது! பிள்ளை எறங்கல! மருத்துவச்சி வேணும், லொறி வேணும், இப்பவே வேணும்! வெளங்குதா ஒங்க சர்க்காருக்கு?"

"இறங்கவில்லையா?" கருணாசேன மாத்தையா துள்ளி எழுந்தார். "யார் இறங்கவில்லை?"

"கொழந்தைங்க. என் மகளோட கொழந்தைங்க" என்றார் செல்லசாமி.

தோட்டத்து மருத்துவச்சி ஸ்டோருக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாள். பெரிய கிளாக்கர் குடையை அங்கேயே போட்டுவிட்டு மழையில் ஓடினார். லொறி அவளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ரோட்டைச் சுற்றிப் புறப்பட்ட சத்தம் கேட்டது. பெரிய கிளாக்கர் நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது, கருணாசேன மாத்தையா நிபந்தனைத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சியைக் கேட்டது தோட்ட வேலையா, சொந்த விஷயமா என்பது அவருடைய கவலை.

"தொழிலாளியின்ரை பிள்ளைப்பேறு தோட்டத்தின்ரை பொறுப்பு, சேர்" என்றார் பெரிய கிளாக்கர்.

"சரி. மீனம்மா தொழிலாளி, அவளைப் பற்றிய அழைப்பு தோட்ட வேலை. ஏற்றுக்கொள்கிறேன்." அவர் இன்னும் யோசித்தார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஆனால் பிறக்கும் குழந்தை தோட்டத்தில் வேலை செய்வதில்லை. ஆகையால் பிறப்புச் செய்தி சொந்தச் செய்தி. மீனம்மாவின் தகப்பனாருக்கே அதை அனுப்புவது மிகவும் சொந்தம். நேராகச் சொன்னால் சொந்த விஷயம் கூடாது என்ற நிபந்தனை மீறப்படும். சுற்றிச் சொன்னால் மறைமொழி கூடாது என்ற நிபந்தனை மீறப்படும். நான் இதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் பெட்டி போய்விடும்."

"அப்ப எப்பிடித்தாங்க சொல்றது?"

"சொல்ல இயலாது" என்றார் கருணாசேன மாத்தையா. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, செல்லசாமியின் பக்கம் நகர்த்திவைத்தார்.

பெட்டி போய்விட்டால் அடுத்த மழையில் யாருக்கு நேரம் வந்தாலும் லொறி வராது. பன்னெண்டாம் நம்பர் மலையில் பூச்சி தொட்டாலும் வராது. அது செல்லசாமிக்குப் புரிந்திருந்தது. அவர் மைக்கை எடுத்தார்.

"ராக்காயி, லொறி வருது. மருத்துவச்சி வந்து சேந்தாங்கன்னா அத மட்டும் சொல்லு. மத்தத... மத்தத சொல்லாத. ஓவர்."

"என்னாண்ணே பேசறீங்க? நல்ல சேதின்னாலுமா? ஓவர்."

"நல்லதும் சொல்லாத. கெட்டதும் சொல்லாத. சொன்னா பொட்டி போயிரும். ஓவர்."

வெகுநேரம் கழித்து, "மருத்துவச்சி வந்துட்டாங்க. ஓவர்" என்று ஒரு குரல் வந்து நின்றுவிட்டது. அதற்கப்புறம் தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான். செல்லசாமி உட்கார்ந்தார், எழுந்தார், பெட்டியின் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். மருத்துவச்சி வந்தாயிற்று, தோட்ட வேலையாக ஏதாவது கேட்கலாமா என்று யோசித்தார். கொழுந்து இல்லை. ஆள் கணக்கு இல்லை. கேட்பதற்குத் தோட்டத்தில் ஒரு வேலையும் இல்லாத நாள் அது. பெரிய கிளாக்கர் சுவரைப் பார்த்து நின்றார். கருணாசேன மாத்தையா பிஸ்கட்டைத் தொடவில்லை. ஏதாவது விதிவிலக்கு இருக்குமோ என்று தாளின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி கரகரத்தது.

"இஸ்டோரு, மேக்கணக்கு பேசுது. நான் ஒண்ணுமே சொல்லலண்ணே. சொல்லாதன்னீங்க, சொல்லல. இந்தா, ஓவர்னும் சொல்லல."

அவள் பேச்சை நிறுத்தினாள். அழுத்திய பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பிள்ளைக்காம்பரா முழுவதும் பெட்டி வழியாக வந்தது. அங்கேயும் தகரத்தில் மழை. யாரோ தண்ணீரை ஊற்றுகிறார்கள். யாரோ அடுப்பை ஊதுகிறார்கள். "கண்ணத் தொற தாயி, இந்தா, இதக் குடி" என்று வேலாயி தூரத்தில் சொல்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மீனம்மாவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "பசிக்குதும்மா" என்றது. உடனே நாலைந்து பெண்கள் சேர்ந்து குலவை போட்டார்கள். அந்தக் குலவையைக் கிழித்துக்கொண்டு, பிள்ளைகள் யாரும் இல்லாத அந்தப் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு பச்சைப் பிள்ளை வீரிட்டு அழுதது.

பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கருணாசேன மாத்தையா பேனாவை எடுத்தார். எழுத ஒன்றும் அகப்படாமல் தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், குனிந்து நின்ற செல்லசாமியைப் பார்த்தார்.

"செல்லசாமி, இது எந்த மொழி என்று நான்..."

செல்லசாமி பெட்டியை விட்டு முகத்தைத் திருப்பாமலே, கொழும்பிலிருந்து வந்த அந்த அதிகாரியின் பக்கம் இடது கையை நீட்டித் தடுத்து, வலது கைச் சுட்டுவிரலைத் தம் உதட்டின்மேல் வைத்தார்.